கணினிக் கடைக்காரர்களுக்கும் வீட்டுக்கு வந்து அமைத்துத் தருபவர்களுக்கும்: கணக்கை வாடிக்கையாளர் எண்ணில் தொடங்குங்கள்

கணினி விற்கும் கடைக்காரர்களுக்கும், வீடு தேடி வந்து அதை அமைத்துக் கொடுக்கும் டெக்னீஷியன்களுக்கும் வணக்கம்.

புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, சார்ஜரை மாட்டி, "எல்லாம் ரெடி சார்" என்று ஒப்படைப்பதற்குள் பெரும்பாலும் இரண்டு கணக்குகள் உருவாகிவிடுகின்றன. ஒன்று மைக்ரோசாஃப்ட் கணக்கு, இன்னொன்று ஜிமெயில். வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்; தட்டுவது நீங்கள். மொபைல் எண் கேட்கும் இடத்தில் கடை எண்ணைப் போடுகிறீர்கள். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில், எல்லாருக்கும் போடும் அதே பாஸ்வேர்டு. கெட்ட எண்ணத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. ஓடிபி கேட்டுக் காத்திருக்க நேரமில்லை, அடுத்த வாடிக்கையாளர் நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மிச்சமான பத்து நிமிடத்துக்காக, பின்னால் ஒரு குடும்பம் தன் ஃபோட்டோ, பத்திரம், பிள்ளையின் புராஜெக்ட் எல்லாவற்றையும் இழக்க நேரிடுகிறது.

நாங்களும் இதே தொழிலில் இருப்பவர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கிறோம்: கணக்கில் வாடிக்கையாளரின் எண்ணும் அவரே தட்டிய பாஸ்வேர்டும் மட்டும் இருக்கட்டும். உங்கள் எண், உங்கள் மெயில் எதுவும் அதில் வேண்டாம்.

விண்டோஸ் 11 வந்த பிறகு இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்ததுமே டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. அனுமதி கேட்பதில்லை. டிஸ்க்கில் உள்ளதெல்லாம் பூட்டப்படுகிறது. திறப்பதற்கான 48 இலக்க ரெக்கவரி கீ, எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பயாஸ் அப்டேட் ஆகும்போதோ, மதர்போர்டு மாற்றும்போதோ, யாராவது செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைத்துவிட்டாலோ நீலத் திரை வந்து கீயைக் கேட்கும். அன்றைக்கு அந்தக் கீ, கடையில் அவசரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒரு மெயிலில் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு தெரிந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றால், டேட்டா ரெக்கவரி லேபுக்குக் கொண்டுபோயும் பயனில்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

எனவே ஒப்படைக்கும் முன் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தை பிரவுசரில் திறந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீ ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி இருக்கும். கூடவே கீ ஐடி என்று ஒன்று வரும். அதன் முதல் எட்டு எழுத்துகள்தான் நீலத் திரையில் காட்டப்படுபவை. ஒரே கணக்கில் இரண்டு மூன்று கணினி இருந்தால் எந்தக் கீ எதற்கு என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. இரண்டையும் அச்செடுத்து வாரன்டி கார்டோடு பின் அடித்துக் கொடுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் ஃபைலாகப் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. பீரோவுக்குள் சாவியை வைத்துப் பீரோவைப் பூட்டுகிற வேலை அது.

கடை மெயிலில் தொடங்கினால் இன்னொரு தழும்பும் தங்கிவிடும். விண்டோஸ் அந்த மெயிலின் முதல் ஐந்து எழுத்தை எடுத்துத்தான் சி டிரைவில் யூசர்ஸுக்குள் ஃபோல்டர் உண்டாக்குகிறது. பின்னால் கணக்கை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. மெஷின் உயிரோடு இருக்கும்வரை வாடிக்கையாளரின் ஃபைல்களெல்லாம் உங்கள் கடைப் பெயரின் பாதிக்குள்தான் இருக்கும்.

எண்ணைப் பற்றி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் பழைய எண்ணோ மாற்று மெயிலோ கையில் இல்லாமல் பாதுகாப்புத் தகவல் முழுவதையும் மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். இடையில் எதையும் வேகப்படுத்த முடியாது. கூகுளிலோ ஒரே எண்ணைப் பல கணக்குகளுக்குப் பயன்படுத்தினால், ஒரு கட்டத்தில் இந்த எண்ணை இனி ஏற்க முடியாது என்று சொல்லிவிடும். கடை எண்ணுக்கு அந்த நிலை சீக்கிரமே வரும். ரீசார்ஜ் இல்லாமல் கிடந்த சிம் முடங்கிப்போனால் அந்த எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு உங்கள் பழைய வாடிக்கையாளர்களின் ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். நாளைக்கு அந்தக் கணக்கில் இருந்து யாரோ மோசடி செய்தால் போலீஸ் முதலில் விசாரிப்பது பதிவான எண்ணின் சொந்தக்காரரை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மகன் சிங்கப்பூரிலும் மகள் டொரன்டோவிலும் இருக்கிற வீடுகளில் நேர்மாறான சிக்கல் வரும். பிள்ளைகள் எண்ணையே போடுங்கள் என்பார்கள். ஓடிபி வரும்போது டொரன்டோவில் நள்ளிரவாக இருக்கும். அப்பா, அம்மாவின் எண்ணை முதன்மையாகப் போட்டு, பிள்ளையின் மெயிலை ரெக்கவரி மெயிலாக வையுங்கள். இந்த ஏற்பாடு பெரும்பாலும் கைகொடுக்கிறது.

ஜிமெயிலில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுப்பவர்கள் அதோடு நிறுத்தாதீர்கள். செக்யூரிட்டி பக்கத்திலேயே பேக்கப் கோடு எடுக்கும் வசதி இருக்கிறது: எட்டு இலக்கத்தில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். ஃபோன் தொலைந்த அன்றைக்கு உதவப்போவது அந்தத் தாள்தான். பிறந்த தேதியையும் அவரிடம் கேட்டே போடுங்கள். அவசரத்தில் தவறான வருடத்தைத் தேர்ந்தெடுத்து, வயது 13-க்குக் கீழ் என்று கூகுள் புரிந்துகொண்டால் கணக்கை முடக்கிவிடும். பிறகு வயதை நிரூபித்துத்தான் மீட்க வேண்டும்.

அடுத்தது, வாடிக்கையாளரை அதிகம் குழப்பும் இடம்: பின் எண்ணும் பாஸ்வேர்டும். விண்டோஸ் கேட்கும் நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான். மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டு வேறு. ஜிமெயில் பாஸ்வேர்டு வேறு. வாங்கியவர் தினமும் பின்னையே போட்டுப் பழகி, பாஸ்வேர்டு என்று ஒன்று இருந்ததையே மறந்துவிடுவார். ஜிமெயில் முகவரியைக் கொண்டே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் தொடங்கியிருந்தால் குழப்பம் இரட்டிப்பு. ஒரே மெயில் முகவரிக்கு இரண்டு பாஸ்வேர்டு. ஒரு தாளில் மூன்று வரி: எது, எங்கே கேட்கும், என்ன. அவர் கையாலேயே எழுதட்டும். நீங்கள் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம், "மறந்துட்டா கூப்பிடுங்க, என்கிட்ட இருக்கு" என்று சொல்லவும் வேண்டாம்.

கீபோர்டு தேர்வில் யுனைடெட் கிங்டம் என்று அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பில் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிக்கொள்ளும். பாஸ்வேர்டில் அட் குறி இருந்தால் சரியாகத் தட்டினாலும் தவறு என்றே வரும், காரணமும் புலப்படாது. இங்கிலீஷ் இந்தியா என்று போட்டால் வலது ஆல்ட்டுடன் 4-ஐ அழுத்தி ரூபாய்க் குறியும் போடலாம்.

லேப்டாப்போடு ஆஃபீஸ் சேர்ந்து வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வேர்டை முதல் தடவை திறந்து ஆக்டிவேட் செய்யும்போது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுக்கிறோமோ அதனோடு அந்த உரிமம் நிரந்தரமாக இணைந்துவிடும். அதைக் கடைக் கணக்கில் செய்துவிட்டால், மெஷினை ஃபார்மேட் செய்த பிறகு வாடிக்கையாளர் தான் காசு கொடுத்து வாங்கிய ஆஃபீஸை மீண்டும் நிறுவ முடியாமல் நிற்பார். பெட்டியில் நிரந்தர ஆஃபீஸ் என்றிருக்கிறதா, மைக்ரோசாஃப்ட் 365-இன் சோதனைக் காலம் மட்டுமா என்பதையும் படித்துச் சொல்லுங்கள். இரண்டாவதுக்கு ஏடிஎம் கார்டு விவரம் கேட்கும். கொடுத்தால் மாதம் முடிந்ததும் பணம் போகும்.

ஒன்டிரைவ் பேக்கப்பை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் வம்பு. இலவச இடம் 5 ஜிபிதான். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது தானாக ஏற்றத் தொடங்கி, சில வாரங்களில் நிரம்பிவிட்டது என்று கத்தும். வாடிக்கையாளர் பயந்துபோய் ஆன்லைனில் இருப்பதை அழிப்பார். கணினியில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாமென்றால் டாஸ்க்பாரில் மேக அடையாளத்தைச் சொடுக்கி, செட்டிங்ஸில் மேனேஜ் பேக்கப் என்பதற்குள் போய் மூன்றையும் அணையுங்கள். அணைத்த பிறகு ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிட்டனவா என்று பார்த்து, இருந்தால் பழைய இடத்துக்கு நகர்த்திக் கொடுங்கள்.

இனி ஆப்கள். பென் டிரைவில் வைத்திருக்கும் "ஆல் சாஃப்ட்வேர்" ஃபோல்டரை முதலில் அழித்துவிடுங்கள். அதில் உள்ள குரோமும் விஎல்சியும் எந்த வருடத்தவை என்று உங்களுக்கே நினைவிருக்காது. நெட்டில் தேடி முதல் முடிவைச் சொடுக்குவதும் அதே அளவு ஆபத்து. மேலே வருவது பல நேரம் விளம்பரம், அதே லோகோவோடு போலித் தளம். விண்டோஸ் 11-இல், ஆப்களைக் கட்டளை அடித்து நிறுவும் விங்கெட் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. டெர்மினலைத் திறந்து விங்கெட் இன்ஸ்டால் என்று அடித்து, பக்கத்தில் ஆப்பின் அடையாளப் பெயரைக் கொடுத்தால், பதிவாகியிருக்கும் முகவரியிலிருந்து இறக்கி, ஃபைல் மாற்றப்படவில்லை என்பதை ஹேஷ் எண்ணால் சரிபார்த்து நிறுவிவிடும். விஎல்சி, செவன்-ஜிப், லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் அதில் கிடைக்கும். மெஷின் எஸ் மோடில் வந்திருந்தால் ஸ்டோர் ஆப்கள் தவிர வேறெதுவும் ஏறாது. ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்து ஸ்டோருக்குப் போய் வெளியே வரலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் திரும்ப உள்ளே போக முடியாது.

அறிமுகமில்லாத ஆப்பைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை நீல நிறத்தில் வந்ததும் மோர் இன்ஃபோ, ரன் எனிவே என்று யோசிக்காமல் அழுத்துகிறோமே, வாடிக்கையாளர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். நாளைக்கு வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகை ஃபைலையும் அப்படியே திறப்பார்.

கிராக் விஷயத்தை, அதாவது உரிமம் இல்லாமல் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்வதை, சொல்லாமல் விட முடியாது. விண்டோஸோடு விற்கும் லேப்டாப்பில் ஹோம் பதிப்பின் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு ஆக்டிவேட்டர் போட்ட ப்ரோவை ஏற்றுவது, வாங்கிய உரிமத்தைத் தூக்கி எறிவதுதான். ஆக்டிவேட்டர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணை என்று. இல்லையென்றால் ஒரு ஃபோல்டருக்கு விலக்குக் கொடு என்று. அந்த விலக்கு அப்படியே கிடக்கும், பின்னால் வரும் எந்த வைரஸும் அங்கே நிம்மதியாகக் குடியிருக்கலாம். மீண்டும் நிறுவ வேண்டுமானால் 8 ஜிபி பென் டிரைவும் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும். நெட் இணைப்புக் கொடுத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். அசெம்பிள் செய்த மெஷினுக்கு உரிமம் இருக்காது. அங்கே விலையைச் சொல்லுங்கள், கட்டுப்படாது என்றால் விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் மின்ட்டைக் காட்டுங்கள். பிரவுசரும் கடிதமும் கணக்கும் மட்டும் வேண்டும் என்பவருக்கு அது தாராளம்.

தமிழ் டைப்பிங் கேட்பவருக்கு எழுத்துரு மூட்டையை ஏற்றிக்கொடுக்கும் பழக்கமும் போகட்டும். டைம் அண்ட் லேங்குவேஜ் பக்கத்தில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை அதிலேயே வரும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். யூனிகோடில் அடிப்பதால் எந்த ஃபோனிலும் திறக்கும். பழைய பாமினி ஃபைல்கள் இருப்பவருக்கு மட்டும் அந்த எழுத்துருவைத் தனியாகப் போட்டுக் கொடுங்கள்.

கிளம்பும் முன் மூன்றைச் சரிபாருங்கள். டிரைவர் இறக்குவதற்காக உங்கள் ஜிமெயிலைக் குரோமில் போட்டிருந்தால் வெளியேறுங்கள். சிங்க் ஆகியிருந்தால் உங்கள் பாஸ்வேர்டுகள் அந்த வீட்டில் தங்கிவிடும். எனிடெஸ்க் மாதிரித் தொலைநிலை ஆப் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். யாரும் சம்மதிக்காமலே நுழைவதற்கான பாஸ்வேர்டு அதில் வைத்திருந்தால் அது உங்களுக்கே ஒருநாள் வினையாகும். தினப் பயன்பாட்டுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்குங்கள். ஆப் நிறுவும்போது அட்மின் பின் கேட்கும். அந்த ஒரு தடை பல வம்புகளை வாசலிலேயே நிறுத்துகிறது.

பணத்தை ஏமாந்தவர்கள் முதலில் கூப்பிடுவதும் உங்களைத்தான். சைபர் மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணை, பாஸ்வேர்டு எழுதிய அந்தத் தாளின் அடியிலேயே எழுதிவிடுங்கள். தாமதிக்காமல் அழைத்தால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

இத்தனையும் செய்தால் ஒரு மெஷினுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பது தெரிந்ததுதான். அதற்குக் கூலி வாங்குங்கள். பில்லில் ரேம், எஸ்எஸ்டி, பேக் வரிசையில் "கணக்கு அமைப்பு" என்று தனி வரியாகவே போடுங்கள். பக்கத்துக் கடை இலவசமாகச் செய்து தருகிறதே என்று வாடிக்கையாளர் கேட்டால், அங்கே எந்த எண்ணைப் போடுகிறார்கள் என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.