துணி மாஸ்க் தின்னரைத் தடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. கம்பெனிக்குள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரசாயன ஆவி மூச்சில் ஏறுவதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் மணலி பக்கம் ஒரு பட்டறையில் கான்ட்ராக்டில் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறான். வேலை முடிந்ததும் கையில் தின்னரை, அதாவது பெயிண்டைக் கரைக்கும் திரவத்தை, ஊற்றிக் கழுவுகிறான். நானும் 28 வருஷம் அப்படித்தான் கழுவினேன். கை வெடித்து, குழம்புச் சோறு பிசைந்தால் எரியும். தின்னர் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும் என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கு இன்றும் சொல்லவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முகத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். பாக்கெட்டிலிருந்து ஒரு துணி மாஸ்க்கை எடுத்தான். அது தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியை அப்படியே உள்ளே விட்டுவிடும். ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அந்தக் கரியும் நிரம்பிப் போனால் மாற்றியாக வேண்டும். அதற்கும் முன்னால், அடிக்கும் இடத்திலேயே ஆவியை இழுத்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வேண்டும். “முதல் வாரம் தலை சுத்துச்சு மாமா, அப்புறம் வாசனையே தெரியல, பழகிடுச்சு” என்றான். பழகியது அவன் மூக்கு மட்டும்தான். தின்னரில் இருக்கும் டொலுயீன் என்ற ரசாயனம் நரம்பைத் தாக்கும். பென்சீன் கலந்திருந்தால் ரத்தப் புற்றுநோய் வரை போகும். டின்னில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. லேபிள் ஆங்கிலத்தில். கூட வேலை செய்யும் ஒடிசாப் பையன்களுக்குத் தமிழும் படிக்க வராது.

போபாலுக்குப் பிறகு, 1987-ல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான ரசாயனம் புழங்கும் ஆலைகளில் அதன் கெடுதலைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும், வேலைக்கு எடுக்கும்போதும் பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அப்போதே எழுதிவிட்டார்கள். இந்தப் பையனுக்கு இதுவரை ஒரு ரத்தப் பரிசோதனைகூட நடக்கவில்லை.

தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் பெரிய ஆலைகளோடு நிற்காமல், மணலி, மாதவரம், திருவொற்றியூர் சந்துகளில் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வர வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும். டின்களில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும்.

கையைத் தேங்காய் எண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறேன். நல்ல மாஸ்க் ஒன்றும் நானே வாங்கித் தரப்போகிறேன். எக்ஸாஸ்டை மாட்ட வேண்டியவர் முதலாளி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பெயிண்டர்,
தண்டையார்பேட்டை, சென்னை