மலையில் ஒரு சீனிப் பொட்டலம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கப்போகிறீர்கள் என்று அறிந்தோம். நல்ல காரியம். கிளினிக்கில் சொல்வதையே அங்கே திருப்பிச் சொல்லவேண்டாம். கொழுந்து எடுக்கும் மலையில் நடப்பது கிளினிக்குக்குத் தெரியாது, அதிலிருந்து தொடங்குங்கள்.

காலையில் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டுவிட்டு, ரொட்டியைப் பாதியில் வைத்து மலைக்கு ஓடுகிறவருக்குப் பகல் சாப்பாட்டுக்கு முன்பே ரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். இன்சுலின் போடுகிறவருக்கும் அப்படித்தான். மெட்ஃபோமின் என்ற மற்றச் சீனி மாத்திரையை மட்டும் எடுப்பவருக்கு இது அபூர்வம். கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல்: இந்த அடையாளங்களைப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவரும் தெரிந்திருக்கவேண்டும். குளிரில் ஒருவருக்கு மட்டும் வியர்த்தால் சந்தேகப்படுங்கள். சீனி பார்க்கும் மீட்டரில் 70க்குக் (mg/dL) கீழே என்றால் உறுதி. மீட்டர் இல்லையென்றால் காத்திருக்கவே வேண்டாம். சுமார் 15 கிராம் சீனி, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். தெளிந்ததும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடவேண்டும், வெறும் சீனி நிற்காது. கிளிக்லசைட் பல மணிநேரம் வேலை செய்வதால் திரும்பவும் இறங்கலாம். தனியாக லயத்துக்கு அனுப்பாதீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு.

ஆகவே ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கட்டும்.

குளுக்கோமீட்டர், அதாவது சீனி பார்க்கும் மீட்டர், பொதுவாக இருக்கலாம், ரத்தம் எடுக்க விரலில் குத்தும் ஊசி பொதுவாக இருக்கக்கூடாது. ஊசியும் குத்தும் பேனாவும் ஆளுக்கொன்று. இல்லையென்றால் ஹெபடைட்டிஸ் பி என்ற ஈரல் நோய் பரவலாம். ஒவ்வொருவருக்கும் பிறகு மீட்டரையும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். விரலில் வெல்லமோ பழமோ ஒட்டியிருந்தால் கணக்கு பொய்யாகக் கூடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் குளிர்ந்த விரலிலும் ரத்தம் வரும். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் உள்ள போத்தலை உடனே மூடுங்கள், நுவரெலியாப் பக்கத்து ஈரம் அதைக் கெடுத்துவிடும். வந்த எண்ணைச் சத்தமாக வாசிக்கவேண்டாம். வெட்கப்பட்டவர் அடுத்த முறை வரமாட்டார்.

சீனி வருத்தத்தால் கால் மரத்துப்போகலாம். மரத்த காலில் அட்டை கடித்தாலும் தெரியாது, அடுப்பில் கால் காயவைத்துச் சுட்டாலும் தெரியாது. இரண்டிரண்டு பேராக, ஒருவர் காலை ஒருவர் விரலிடுக்கு வரை பார்க்கட்டும்.

மாத்திரை கடன் கொடுப்பதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். ஒருவருக்கு அளவான மாத்திரை இன்னொருவரை மயக்கத்தில் தள்ளும்.

முதல் கூட்டத்தைச் சம்பள நாளில் வைக்காதீர்கள், ஒருவரும் வரமாட்டார்கள். போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, பரவாயில்லை.

அன்புடன்,
நாங்கள்