நார் காயாத மாதங்களையும் கணக்கில் எடுங்கள்

எல்லையோரத் தாலுகாக்களின் சட்ட உதவி மையங்களுக்கும் குடும்ப நீதிமன்ற ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

நான் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன், தமிழன். வேலை பொள்ளாச்சியில், தேங்காய் நார் மில்லில். ஒன்பது வயது மகள் அவள் அம்மாவோடு இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கிறேன். அவள் செலவுக்குக் கொடுப்பதில் எனக்குத் தகராறே இல்லை. பிள்ளையைக் காட்டினால்தான் பணம் என்று பேசுகிறவர்களோடும் சேரமாட்டேன்.

என் வருத்தம் ஒரு காகிதத்தைப் பற்றியது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் பத்திரத்தை வக்கீல் குமாஸ்தா மலையாளத்தில் எழுதி நீட்டினார். மலையாளம் நன்றாகப் பேசுவேன், படிக்க வராது. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டேன். தினக்கூலியை மாதம் இருபத்தாறு வேலை நாள் என்று பெருக்கி மாத வருமானம் போட்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டால் களத்தில் நார் காயாது. நார் காயாவிட்டால் எங்களுக்குக் கூலி கிடையாது.

இரண்டு மழை மாதம் பாக்கி நின்றது. வாரண்ட் வந்தது. ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறை, உள்ளே இருந்தாலும் பாக்கி கழியாது. கடன் வாங்கிக் கட்டினேன். அந்த இரண்டு மாதம் அவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்ததோ, கேட்க எனக்கு முகமில்லை. வருமானம் குறைந்தால் தொகையை மாற்றக் கேட்டு மனுப் போடலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127, அதற்குப் பதிலாக வந்த புதியதில் 146ஆம் பிரிவு என்பதை டீக்கடையில் ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கேரளத்தில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. நீதிமன்றமும் அப்படி நடக்க வேண்டும் என்று வாதாட வரவில்லை. கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட உங்கள் தன்னார்வலர்களில் ஒருவர் போதும். எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் தெரிந்த ஆளைத் தேடுவதா கஷ்டம்? உத்தரவு நகலோடு, தொகையை மாற்றக் கேட்கலாம் என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டும் கொடுங்கள்.

தொகையை மாற்றக் கேட்டு நான் போட்ட மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. மழை மாதக் கூலியைத் தனியாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மலையாளத்தில் மாற்றித் தர ஆள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு நார் மில் தொழிலாளி