ஜெனரேட்டரை பிளக்கில் மாட்டித் தர முடியாது

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லாரும் சுகம். மூத்தவள் நர்சிங் மூன்றாம் வருஷம் போய்விட்டாள். மழையில் ரப்பர் வெட்டு பாதி நாள் நடக்கவில்லை. மற்ற ஊர்ச் செய்தியை உன் மச்சான் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருப்பான்.

நீ வாய்ஸில் அனுப்பின யோசனைக்கு என் பதில்: முடியாது. உன் அம்மை வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் 'ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒரு வயரை எடுத்து அடுக்களை சாக்கெட்ல குத்தினா வீடு முழுக்க லைட் எரியும்லா' என்கிறாயே, அதைச் செய்யமாட்டேன். மஸ்கட்டில் இத்தனை வருஷம் ஏசி வேலை பார்க்கிறவன் பேசுகிற பேச்சா இது? முருங்கைக்காய் சார் கேட்டிருந்தால் மறுபடியும் வராந்தாவில் நிறுத்தியிருப்பார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அம்மை சொன்னதில் பாதியும் உன் கோபத்தில் பாதியுமாக உனக்கு எல்லாம் குழம்பிக் கிடக்கிறது.

ஆடிக் காற்று உனக்குத் தெரியும். முப்பந்தலில் காத்தாடியைச் சுற்றி ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற அதே காற்று, நம் தெருவில் தென்னை மடலைத் தள்ளி கரண்டைப் பிடுங்கிவிடும். அன்றைக்கு சாயங்காலமும் அதுதான். குளக்கரை முக்கில் காய்ந்த மடல் ஒன்று லைனில் விழுந்து ரெண்டு கம்பியையும் சேர்த்துக் கொண்டு தொங்கியது. தெரு முழுக்க இருட்டு. நான் அம்மைக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது கிழக்கு வீட்டு மாமா தேங்காய் பறிக்கிற அலுமினியத் தொரட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறார், மடலைத் தட்டிவிட. மழை தூறுகிறது, காலில் செருப்புகூட இல்லை.

"மாமா, கைய எடும்" என்று கத்தினேன்.

"கரண்டுதான் இல்லியே டேய்" என்றார்.

"இப்ப இல்ல. எப்ப விடுவானுவன்னு உமக்குத் தெரியுமா?"

அவருக்கு அன்றிலிருந்து என்மேல் வருத்தம். இருக்கட்டும். லைன் செத்துக் கிடக்கிறதா இல்லையா என்று தரையில் நிற்கிறவனுக்குத் தெரிய வழியில்லை. சப் ஸ்டேஷனில் இருப்பவர் ஒருதரம் போட்டுப் பார்ப்பார். மூங்கில் என்றாலும் நனைந்துவிட்டால் கரண்டைக் கடத்தும். நல்லவேளை, கம்பி அறுந்து விழவில்லை. விழுந்திருந்தால் பத்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஈரத் தரையில் கரண்டு பரவும். நடக்கிறவனுக்கு ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையில் வோல்டேஜ் வித்தியாசம் வந்து உடம்பு வழியாகப் பாயும். மாடுகள் இப்படித்தான் அதிகம் சாகின்றன, முன்காலுக்கும் பின்காலுக்கும் அவ்வளவு இடைவெளி. பக்கத்தில் மாட்டிக்கொண்டவன் காலை அகட்டாமல், ரெண்டு பாதத்தையும் சேர்த்து இழைத்து இழைத்துத்தான் விலக வேண்டும். இதை நாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோம். தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போன் பண்ணினது நான்தான். தெருவில் இருந்த யாரும் பண்ணவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன், "வேற யாராவது பண்ணியிருப்பாவன்னு நெனச்சோம்" என்றே பதில். ஈபி புகார் மையமான மின்னகத்தின் நம்பர் 2021-லிருந்து இருக்கிறது, 94987 94987, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். 1912-ம் இருக்கிறது. கூப்பிட்டால் முதலில் கம்பி கீழே கிடக்கிறதா, மேலே தொங்குகிறதா என்பதைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பேரும் ஊரும். அப்புறம் போஸ்டில் பெயின்டால் எழுதியிருக்கிற நம்பர், எந்த டிரான்ஸ்பார்மர், இருட்டு தெருவுக்கா ஒரு வீட்டுக்கா. மின் இணைப்பு எண் கையில் இருந்தால் தேடுகிற வேலை அவர்களுக்கு மிச்சம். நம் பக்கத்து நம்பரெல்லாம் 07-ல் ஆரம்பிக்கும், திருநெல்வேலி மண்டலம். அம்மை கார்டை எங்கே வைத்திருந்தாள் தெரியுமா? அரிசிப் பானைக்குள். நம்பரை இப்போது காலண்டருக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதிவிட்டேன். சுவரைக் கெடுத்தேன் என்று திட்டினாள்.

லைன்மேன் மழையிலேயே வந்து மடலை வெட்டி இறக்கினார். ராத்திரி தெருவுக்கு கரண்டு வந்தது. கதை அங்கே முடியவில்லை. மடல் இழுத்த இழுப்பில் அம்மை வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயர் போஸ்டில் தளர்ந்துவிட்டது. நீ பெருமையாக வாங்கி வைத்த இன்வெர்ட்டர் லைட்டையும் பேனையும் ஓட்டிக்கொண்டிருந்ததால், கரண்டு வரவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் பேட்டரி கத்தி ஓய்ந்த பிறகுதான் உனக்குப் போன் போட்டிருக்கிறாள்.

அப்போது நீ செய்தது இருக்கிறதே, அதற்குத்தான் உன்மேல் எனக்குக் கோபம். எழுபது தாண்டிய கிழவியை, துணி அலசின கையோடு, சாக்கெட்டில் டெஸ்டரைக் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். "ரெண்டு ஓட்டையிலயும் எரியுது மக்ளே" என்று அவள் சொல்ல, "அப்ப கரண்டு இருக்கு, பேன்தான் போச்சு" என்று நீ தீர்ப்பு எழுதியாயிற்று. உனக்கு 'டெஸ்டர்' என்று பட்டம் வைத்தவனுக்கு வாயில் சர்க்கரை போட வேண்டும். ரெண்டு ஓட்டையிலும் எரிந்தால் நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பிப் போகிற வயர், அறுந்திருக்கிறது என்று அர்த்தம், லேய். பேஸ் வயரில் கரண்டு வருகிறது, ஆன் பண்ணி வைத்த ஃபிரிட்ஜ் வழியாக நியூட்ரல் வயருக்குப் போகிறது, திரும்பிப் போக வழி இல்லாமல் அங்கேயே நிற்கிறது. எல்லா பாயின்ட்டிலும் ரெண்டு பக்கமும் உயிர். அந்த நேரத்தில் அவள் 'செத்த' வயர் என்று எதையாவது தொட்டிருந்தால்?

நான் போனதும் மீட்டரைத்தான் பார்த்தேன், தொடவில்லை. டிஸ்ப்ளே கருப்பாகக் கிடந்தது. இதை அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். முதலில் எதிர்வீட்டையும் தெருவிளக்கையும் பார். பிறகு மீட்டரைப் பார். எண் ஓடுகிறது, வீடு மட்டும் இருட்டு என்றால் கோளாறு நம் பக்கம், ட்ரிப்பர் விழுந்திருக்கும். கை காய்ந்திருந்தால், செருப்புப் போட்டுக்கொண்டு ஒருதரம் தூக்கு. மறுபடி விழுந்தால் விட்டுவிட்டு என்னைக் கூப்பிடு. மீட்டரே அணைந்து கிடந்தால் பெரும்பாலும் கோளாறு வெளியே, அது ஈபி வேலை. பல்பு திடீரென்று கண்ணைப் பறிக்கிறமாதிரி எரிந்தாலோ, பேன் பேய்மாதிரி சுற்றினாலோ, யோசிக்காமல் மெயினை ஆஃப் பண்ணு, அது தெரு நியூட்ரலே போன லட்சணம். உன்னைவிட சீக்கிரம் புரிந்துகொண்டாள்.

மறுபடி புகார் கொடுத்தேன். வயர்மேன் ஏறிப் பார்த்துவிட்டு அந்த ஜாயின்டை அறுத்துக் கீழே போட்டார். முறுக்கு கருகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. எத்தனை வருஷமாக அப்படிச் சூடாகிக்கொண்டிருந்ததோ.

இனி ஜெனரேட்டர். ஒக்கி புயல் அடிச்ச 2017 நவம்பர் கடைசியில் நீ மஸ்கட்டில் இருந்தாய். ஆயிரக்கணக்கில் போஸ்ட் சாய்ந்து, ரப்பர் மரங்கள் ரோட்டை மூடி, மற்ற மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஈபி ஆட்கள் வந்து சேற்றில் போஸ்டைச் சுமந்தார்கள். தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் வீடு வீடாகப் போயிற்று. மெயினை இறக்காமல் சாக்கெட்டில் குத்தினவர்களை நான் பார்த்தேன். வீட்டுக்குள் விடுகிற 230 வோல்ட் மீட்டர் வழியாக வெளியே போகும். டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் பின்னால் தெரியாது. இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்தது என்று நம்பி மேலே இருப்பவன் கையில் அது. 'சின்ன ஜெனரேட்டர், தெருவையெல்லாம் தாங்காது, தானே நின்னுரும்' என்பாய். தெரு முழுக்க சுமை இருந்தால் நிற்கும். கம்பி அறுந்து, சுமையே இல்லாமல் கிடந்தால் நிற்காது. அப்படிப்பட்ட கம்பியைக் கட்டத்தானே அவன் ஏறுகிறான்?

'மெயினை ஆஃப் பண்ணிட்டுக் குத்தலாம்' என்றும் சொல்வாய். இருட்டில், மறதிக்காரக் கிழவி, ஒவ்வொரு தடவையும்? ஜெனரேட்டர் ஓடும்போது அந்த வயரை உருவினால், கையில் இருக்கிற பிளக்கின் பித்தளைக் கம்பி ரெண்டும் உயிரோடு வெளியே நிற்கும்.

அதனால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்கிறேன். ஒரு பக்கம் ஈபி, மறுபக்கம் ஜெனரேட்டர், ரெண்டும் ஒரே நேரத்தில் சேராது. பேஸ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டுகிற டபுள் போல்தான் வாங்குவேன். கூடவே கரண்டு கசிந்தால் உடனே வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. அந்த வீட்டு வயரிங் உன் அப்பா காலத்துப் பலகை வயரிங், எர்த் குழி எங்கே என்றே தெரியவில்லை, புதிதாக ஒன்று தோண்ட வேண்டும். ஜெனரேட்டரைச் சாய்ப்புக்குள் வைக்க விடமாட்டேன், புகை படுக்கையறைக்குள் வரும், அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமலே ஆளை முடித்துவிடும். கிணற்றடிக்கு அப்பால் தகரக் கூரை போட்டு வைக்கலாம். கூலி எனக்கு வேண்டாம், சாமானுக்கும் குழி தோண்டுகிறவனுக்கும் பணம் அனுப்பு.

சர்வீஸ் வயர் சரியான அன்று அம்மை மரச்சீனி அவித்து, சாளைக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். நீ திட்டு வாங்கினதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த பெட்டியில் அவளுக்கு கோடாலித் தைலம் வை. டெஸ்டர் எதுவும் அனுப்பாதே, இருந்ததை நான் எடுத்துவந்துவிட்டேன். லீவு எப்போது என்று சீக்கிரம் எழுது, வீட்டு முன்னால் நிற்கிற ரெண்டு தென்னையையும் வெட்ட உன் சம்மதம் வேண்டும், அவள் என் பேச்சைக் கேட்கமாட்டாள்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்