உயிரி நானோ ஆராய்ச்சியைத் தருமபுரித் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

எங்கள் மாவட்டத்தில் உயிரி நானோ அறிவியலுக்கு, அதாவது உயிரிப் பொருள்களோடு சேர்த்து மிக நுண்ணிய நானோ துகள்களை ஆராயும் இயலுக்கு, ஓர் ஆராய்ச்சித் துறை வேண்டும் என்று கேட்டு வருபவர்களில் நானும் ஒருவன். அதைக் கட்டடத்தோடும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியோடும் தொடங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, வெள்ளி நைட்ரேட் கரைசலில் வேப்பிலைச் சாற்றைச் சேர்த்து, வெள்ளி நானோ துகள்கள் உருவாகி அது பழுப்பாக மாறும்வரை கண்கொட்டாமல் பார்த்திருந்தேன். துகளின் அளவை அறிய, அந்தப் புட்டியைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, இரவுப் பேருந்தில் மடியிலேயே சுமந்து பெங்களூரு போனேன். என் முறை வருவதற்குள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் கறுப்பு வண்டலாகப் படிந்துவிட்டன. ஒளிச்சிதறல் முறையில் துகள் அளவைக் காட்டும் மேசைக்கருவி ஒன்றும், அதைக் கையாளத் தெரிந்த நிரந்தரப் பணியாளர் ஒருவரும் ஊரிலேயே இருந்திருந்தால் அந்தப் பயணமே வேண்டியிருக்காது. பல கோடி ரூபாய்க் கருவிகளுக்கு, நாட்டின் ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

ஆய்வுப் பொருளுக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றை நாடும் வீடுகள் இங்கு உண்டு. எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி; அது அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அலுமினா நானோ துகள்கள் ஃபுளோரைடைப் பற்றிக்கொள்ளும், ஆனால் அவற்றை நீரிலிருந்து மறுபடி பிரித்தெடுப்பது கடினம் என்பதால், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் மணிகளில் அவற்றைப் பொதிந்து பயன்படுத்துகிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் சோதித்தால் இம்மணிகள் நன்றாகவே வேலை செய்யும். பைகார்பனேட் மிகுந்த கிணற்று நீரிலோ அதுவும் அதே பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுவதால் திறன் குறைந்துவிடும். ஆகவே உள்ளூர்க் கிணற்று நீரில் சோதிக்காத முடிவை ஆய்வேட்டில் ஏற்பதில்லை என்று முதல் நாளே விதி வகுத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி மாம்பழத்தின் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு அடுத்த பொருளாகலாம்; கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார், பழம் கெடுவதைத் தள்ளிப்போடும் ஹெக்சனால் என்ற சேர்மத்தின் நானோ கலவையில் செய்த பணி அதற்கு முன்னோடி. ஒவ்வொரு மாணவருக்கும் வேதியியலிலிருந்து ஒருவரும் உயிரியலிலிருந்து ஒருவருமாக இரு வழிகாட்டிகள் வேண்டும். ஒரே வழிகாட்டியின் கீழ், இலையை மட்டும் மாற்றி மாற்றி வெள்ளித் துகள் செய்யும் ஆய்வேடுகள் ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டன, என்னுடையதும் அவற்றில் ஒன்று.

பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களின் கிணற்று நீரை மாதந்தோறும் சேகரித்துத் தர ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். புட்டிகளை மட்டும் நீங்கள் அனுப்புங்கள். அவை கண்ணாடியாக இல்லாமல் பாலித்தீனாக இருக்கட்டும். கண்ணாடியோடு ஃபுளோரைடு வினைபுரிந்தால் அளவு தவறிவிடும்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்ட வேதியியல் ஆசிரியர் ஒருவர்