ஹாலிவுட்டுல வாத்தியார் படம் எடுக்கறவங்களுக்கு ஒரு கணக்கு டீச்சர் எழுதறது

டைரக்டர், ரைட்டர், ப்ரொட்யூசர் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கவர்மென்ட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர், ஒம்பதாவது பத்தாவதுக்கு எடுக்கறேன். உங்க வாத்தியார் படம் நெறைய பாத்திருக்கேன், பாதி படத்துல மூக்க சிந்திக்கிட்டேதான் பாத்தேன், அதனால இவளுக்கு சினிமாவே ஆகாது போலன்னு நெனச்சிடாதீங்க. ஆனா ஒரு ட்ரெயினிங்ல மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் தூங்கி வழியற நேரமா பாத்து ப்ரொஜெக்டர்ல 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்'னு, ஒரு நிஜ கணக்கு வாத்தியார் கதைய வச்சு நீங்க எடுத்த படத்துலேந்து பத்து நிமிஷம் ஓட்டினாங்க, முடிஞ்சதும் லைட்ட போட்டுட்டு வந்திருந்த ஆபீசர் கேட்டாரு, "பாத்தீங்களா, ஒரே ஒரு வாத்தியார், ஒரே வருஷம். உங்களால மட்டும் ஏன் முடியல?" அன்னிக்கு வந்த கோவத்துல பாதிதான் அவருக்கு. மீதி உங்களுக்கு எடுத்து வச்சிருந்தேன், இதோ அனுப்பறேன்.

வீட்டுக்கு வந்து அந்த நிஜ வாத்தியார் ஹைமே எஸ்கலாண்டே பத்தி தேடித் தேடி படிச்சேன். பொலிவியாக்காரர், அங்கயே வாத்தியாரா இருந்தவர், அமெரிக்கா வந்து அந்த படிப்பு செல்லாதுன்னு ஆனதுல மறுபடி காலேஜ் போயி படிச்சு, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல கார்ஃபீல்ட் ஹை ஸ்கூலுக்கு வந்து சேந்தது 1974ல. பசங்க முக்காவாசி மெக்சிகோலேந்து வந்த கூலிக்கார குடும்பத்துப் புள்ளைங்க. முதல் கால்குலஸ் (நுண்கணிதம், அல்ஜீப்ராவெல்லாம் தாண்டி வர்ற மேல் கணக்கு) கிளாஸ் ஆரம்பிச்சதே 1978ல. அதாவது வந்து நாலு வருஷம் கழிச்சு! அந்த முதல் செட்ல கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சது அஞ்சு பேரு, ஏபி பரீட்சைல பாஸானது ரெண்டு பேரு (ஏபின்னா ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் லெவல்ல எழுதறது). 1981ல 15 பேருக்கு 14 பாஸ். அடுத்த வருஷம் 1982ல தான் நீங்க படமா எடுத்த கதை, 18 பேரு பாஸ், அதுல 14 பேரு காப்பி அடிச்சிருப்பாங்கன்னு பரீட்சை நடத்தினவங்க சந்தேகப்பட்டு, 12 பேரு மறுபடி எழுதி 12 பேரும் பாஸ்.

அந்த எட்டு வருஷத்த நீங்க என்ன பண்ணீங்க?

உங்க படத்துல பின்னமே தகராறா இருக்கற கிளாஸ் மளமளன்னு கால்குலஸுக்கு போயிடுது. வாய்ப்பாடும் பின்னமும் தெரியாத புள்ளைக்கு ஒரே வருஷத்துல கால்குலஸ் சொல்லிக்குடுத்ததா ஒரு கேஸும் கிடையாதுன்னு எஸ்கலாண்டேவே பின்னாடி சொல்லியிருக்காரு. கீழ் கிளாஸ்லேந்தே அல்ஜீப்ரா பலமா வரணும்னு பாடத்திட்டத்த இழுத்துக் கட்டினது, லீவுல பக்கத்து காலேஜ்ல கிளாஸ் வச்சது, கூடவே பென் ஹிமேனஸ்னு இன்னொரு கணக்கு வாத்தியார் தோள் குடுத்தது, இதெல்லாம்தான் அந்த கதை. இன்னொண்ணு, படத்துல அவருக்கு ஹார்ட் அட்டாக், நிஜத்துல பித்தப்பைல வீக்கம். பித்தப்பைக்கு பேக்ரவுண்ட் மியூசிக் போட முடியாதுன்னு எனக்கும் புரியுது, விடுங்க.

எனக்கு ரொம்ப வலிச்சது ஹென்ரி கிராடியாஸ் விஷயம். ஹெட்மாஸ்டர். எஸ்கலாண்டே கேட்டதையெல்லாம் அனுமதிச்சு, மேல இருக்கறவங்க கிட்ட சண்டை போட்டு, சாவியையும் நேரத்தையும் குடுத்தவர். 1987ல 73 பேரு கால்குலஸ் ஏபி பரீட்சைல பாஸ், அதுக்கும் மேல் லெவல்ல இன்னொரு 12 பேரு, அது ஒரு ஹெட்மாஸ்டர் கூட நிக்காம நடக்கற காரியமா சொல்லுங்க. அதே வருஷம் அவரு டாக்டரேட் படிக்க லீவு போட்டுட்டுப் போனாரு, திரும்பி வந்தா ஸ்கூல் குடுக்கல, ஆஸ்பெஸ்டாஸ் அகத்தற வேலைய மேற்பார்வை பாக்க போட்டாங்களாம். இத படிச்சிட்டு சிரிக்கறதா அழறதான்னு தெரியல, ஏன்னா எங்க டிபார்ட்மென்ட்ல இருபது வருஷம் ஓட்டினவங்களுக்கு இது கதையே இல்ல, சாதாரண டிரான்ஸ்ஃபர் ஆர்டர். எஸ்கலாண்டேவும் 1991ல கெளம்பி சாக்ரமென்டோ போயிட்டாரு, கார்ஃபீல்ட்ல பாஸ் கணக்கு சரசரன்னு இறங்கிடுச்சு. ஆனா உங்க படம் வந்தது 1988ல. அதுல அவரு வெற்றியோட நடந்து போறாரு.

மத்த படமும் இதே ஃபார்முலாதான். 'ஃப்ரீடம் ரைட்டர்ஸ்'ல டீச்சர் புள்ளைங்களுக்கு புக் வாங்க இன்னும் ரெண்டு வேலைக்குப் போறாங்க, வீட்டுல கல்யாணம் முறியுது, அத தியாகம்னு காட்டறீங்க. சார், புக்கு வாங்கித் தரவேண்டியது யாரு? அந்த கேள்வி அந்த படத்துல ஒரு நிமிஷம் வந்துட்டு போயிடுது. நாங்களும் சாக்பீஸ்லேந்து சார்ட் வரைக்கும் கைக்காசுலதான் வாங்கறோம், எங்க வீட்டுக்காரர் கேட்டா ஜெராக்ஸ் செலவுன்னு பொய் சொல்லியிருக்கேன்.

இவ்ளோ திட்டிட்டு ஒண்ணு சொல்லியே ஆகணும். உங்க படத்துல எஸ்கலாண்டே ஒம்பதாம் வாய்ப்பாட்ட விரல்ல போடுவாரே, அத மறுநாளே என் கிளாஸ்ல போட்டேன். பத்து விரலையும் நீட்டு, 9 தடவ 3 வேணுமா, இடது கைலேந்து மூணாவது விரல மடக்கு, அதுக்கு இந்தப்பக்கம் ரெண்டு, அந்தப்பக்கம் ஏழு, 27. கடைசி பெஞ்ச்ல எப்பவும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருக்கற ஒரு பொண்ணு, பேர் வேணாம், ரெண்டு கையையும் மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டு நாலு அஞ்சு ஆறுன்னு மடக்கி மடக்கி பாத்துட்டு "மிஸ், எட்டாம் வாய்ப்பாட்டுக்கு எந்த விரல மடக்கணும்?"னு கேட்டா. எட்டுக்கு அப்படி விரல் இல்லடி, உக்காந்து மனப்பாடம் பண்ணணும்னேன். அவ மூஞ்சி அப்படியே விழுந்துடுச்சு. அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு எழுதற புள்ள அது, நாலு மாசமா அவகூட பின்னத்துலயே நிக்கறேன், போன வாரம் தான் கீழ இருக்கற நம்பர் ரெண்டையும் கூட்டக்கூடாதுன்னு அவளாவே அடிச்சிட்டு திருத்தினா.

அடுத்த படம் எடுக்கறப்ப அந்த ஹெட்மாஸ்டர வச்சு எடுங்க. டைம்டேபிளுக்காக சண்டை, ரூம் சாவிக்காக சண்டை, கடைசி சீன்ல கைல ஒரு ஆர்டர், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு பக்கத்துல அவரு நிக்கறாரு. ஓடாதுதான். ஆனா எடுத்தீங்கன்னா அந்த பத்து நிமிஷத்த ட்ரெயினிங்ல நானே ஓட்டறேன், ப்ரொஜெக்டர் வாடகையும் நானே குடுத்துடறேன், ஜெராக்ஸ் செலவுன்னு சொல்லிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்