வரக்காப்பி ஊற்றிய பாட்டில்

மயாமி,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். உன் மருமகள் இன்றைக்கு ராத்திரி டூட்டிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பேரன் இப்போதுதான் தூங்கினான். உன் முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? மாடிப்படி ஏறாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் வற்றல் காயப்போட ஏறிவிடுகிறாய் என்று அக்கா சொன்னாள்.

தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். வீடியோ காலில் கூப்பிட்டால் உன் முகத்துக்குப் பின்னால் அக்கா, மச்சான், பிள்ளைகள் என்று வீடே நிற்கிறது. சில நாள் பக்கத்து வீட்டுச் சித்தியும் எட்டிப் பார்க்கிறார். உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று பத்து வருஷத்துக்கும் மேலாக என்னிடம் கிடக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே வாசி. அக்கா மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

எல்லாம் மச்சான் போன வாரம் கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது. டிசம்பரில் அக்காவும் அவரும் இங்கே வரும்போது பஹாமாஸ் போகிற கப்பலில் 4 ராத்திரிக்கு டிக்கெட் போடலாம் என்று சொன்னேன் இல்லையா? உடனே அவர், "மாப்ள, நம்ம சரக்க நாமளே கொண்டு போகலாமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. "இவன் அங்க அதத்தான பிடிச்சுக்கிட்டு இருக்கான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

நான் துறைமுகத்தில் பாட்டில் பிடிக்கிற வேலை என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். சரி, முழுதாகவே சொல்கிறேன்.

மயாமித் துறைமுகம் கடலுக்குள் ஒரு தீவு மாதிரி இருக்கிறது. ஊரிலிருந்து பாலம் தாண்டிப் போக வேண்டும். சனி, ஞாயிறு காலையில் பாலத்திலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று கப்பல்கள் வரிசையாக நிற்கும். 2024 ஜனவரியில் இங்கிருந்து ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்கிற கப்பலின் நீளம் 1,196 அடி. மீனாட்சி அம்மன் கோயில் வெளிமதிலின் ஒரு பக்கத்தைவிட நீளம், அம்மா. 20 தளம். நிரம்பினால் 7,600 பயணிகள். இத்தனை சனமும் காலையில் வந்து பெட்டியை இறக்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். சித்திரைத் திருவிழாவுக்கு வந்து இறங்குகிற கூட்டம் அத்தனையும் கையில் சூட்கேஸ் வைத்திருக்கிற மாதிரி.

அந்தப் பெட்டிகள் ஒரு எக்ஸ்ரே மெஷினுக்குள் ஓடும். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். இரும்பு நீலமாகத் தெரியும். துணி, சாப்பாடு, தண்ணீர் மாதிரியானவை ஆரஞ்சு நிறத்தில் தெரியும். கத்தி, இஸ்திரிப் பெட்டி, அப்புறம் பாட்டில், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். (இஸ்திரிப் பெட்டி எதற்கு என்று கேட்பாய். கப்பலில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடமில்லை. அதனால்தான்.) சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். சாயங்காலம் எல்லாருடைய பெட்டியும் அவரவர் அறை வாசலுக்குப் போய்விடும். ஒருத்தருடையது மட்டும் வராது. கீழே வரச் சொல்லி ஆள் வரும். பெட்டிக்காரரை வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறப்பார்கள். அந்த அறைக்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கிற பேர், நம் பாஷையில் சொன்னால் 'சேட்டைக்காரர் அறை'.

மச்சானுக்கு விதிகளைச் சொல்லிவிடு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டிலும் 21 வயது முடிந்த ஒருத்தருக்கு 750 மில்லி ஒயின் ஒரே ஒரு பாட்டில், ஏறுகிற அன்றைக்கு மட்டும். அதையும் கைப்பையில் வைத்துக் காட்டிவிட்டுக் கொண்டு போக வேண்டும், பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது. பிராந்தி, ரம், விஸ்கி அறவே கூடாது. பீரும் கூடாது. டிஸ்னி கப்பலில் மட்டும் கொஞ்சம் தாராளம். ஆளுக்கு 2 ஒயின் பாட்டில் அல்லது 6 பீர் கொண்டு போகலாம். நார்வீஜியனில் எத்தனை ஒயின் பாட்டில் வேண்டுமானாலும் கொண்டு போகலாம், ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 15 டாலர் கட்ட வேண்டும். மற்றக் கப்பல்களிலும் நம் பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தால் அதற்கென்று ஒரு கட்டணம் உண்டு. நம் காசில் வாங்கியதைத் திறக்க நாமே காசு கொடுப்பதா என்று மச்சான் கோபப்படுவார். மண்டபத்துக்கு வெளிச் சமையல்காரரைக் கூட்டி வந்தால் தனியாகப் பணம் கேட்கிறார்களே, அதே கணக்கு. கப்பல்காரருக்கு டிக்கெட்டில் வருவது ஒரு பங்கு, பாரில் வருவது இன்னொரு பங்கு. அதோடு ராத்திரி கடலுக்கு நடுவில் எவ்வளவு ஊற்றிக் கொடுத்தோம் என்பது அவர்கள் கையில் இருக்க வேண்டும். பால்கனிக்கு அந்தப் பக்கம் இருட்டுத் தண்ணீர்தான். எனக்கு இந்த விதியின் மேல் வருத்தமே இல்லை.

வழியில் ஏதாவது தீவில் இறங்கி ரம் வாங்கினால் அதைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். ஏறும்போதே வாங்கி, அறை எண் எழுதிச் சீட்டுக் கட்டி வைத்துவிட்டு, பயணம் முடியும்போது திருப்பித் தருவார்கள். கோயில் வாசலில் செருப்பு விட்டு டோக்கன் வாங்குகிற மாதிரி. திரும்பி மயாமியில் இறங்கும்போது ஆளுக்கு 1 லிட்டர் வரைக்கும் வரி இல்லை என்பது பொதுக் கணக்கு.

இவ்வளவு இருந்தும் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள், அம்மா. பாரில் ஒரு கிளாஸ் 10 டாலருக்கு மேல், அதற்கு மேல் சர்வீஸ் காசு வேறு. அந்தக் கணக்கு அவர்களை இழுக்கிறது. ஷாம்பு டப்பாவில் வரும். வெயிலுக்குப் பூசுகிற கிரீம் டியூபில் வரும். பார்த்தால் பைனாகுலர், திறந்தால் ரம். இதற்கென்றே மெல்லிய பிளாஸ்டிக் பைகள் கடையில் விற்கிறார்கள். துணிக்கு நடுவில் வைத்தால் தெரியாதாம், திரையில் நன்றாகவே தெரியும். முன்பு தண்ணீர் பாட்டிலில் வோட்காவை ஊற்றி மூடியைத் திரும்ப ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2015 முதல் கார்னிவல் கப்பலில் பாட்டில் தண்ணீரே ஏற்ற முடியாது. தகர டப்பாவோ அட்டை டப்பாவோ ஆளுக்கு 12 கொண்டு போகலாம்.

நான் உனக்குச் சொல்ல வந்தது வாய் கொப்பளிக்கிற மருந்து பாட்டிலைப் பற்றி. பச்சையாக, நீலமாக இருக்குமே, அது. உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு வோட்காவை ஊற்றி, கேக்குக்குப் போடுகிற கலரை இரண்டு சொட்டு விட்டுக் கொண்டுவருவார்கள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எனக்குச் சொல்லிக் கொடுத்த கியூபாக்காரர் அப்படி ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்து, "மூடியைத் திறக்காதே. குலுக்கிப் பார்" என்றார். குலுக்கினேன். "நிஜ மருந்தாக இருந்தால் நுரை நிற்கும். வோட்கா என்றால் நுரை உடனே போய்விடும்" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. அவர் அதைப் பயம் என்று நினைத்துத் தோளில் தட்டிக் கொடுத்தார். நுரை சமாச்சாரத்தை நான் ஏற்கெனவே ஒருத்தர் வாயால் கேட்டிருந்தேன். அது யார் என்று அப்புறம் சொல்கிறேன்.

நம் வீட்டில் அப்பாவின் பாட்டில் எங்கெல்லாம் இருந்தது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? நெல்லுக் குலுக்கைக்குள் இருந்தது. கோழிக் கூண்டுக்கு மேல் சாக்குக்கு அடியில் இருந்தது. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திக் காலுக்கு இடையில், வாய்க்கால் தண்ணீரில் குளிர்ச்சியாகப் புதைத்து வைத்திருந்தார். நீ ஒவ்வொன்றையும் கண்டுபிடிப்பாய். கருப்பசாமிக்குப் படைக்க என்று வாங்கி வைத்ததை மட்டும் தொட மாட்டாய். அது அப்பாவுக்கும் தெரியும். அதனால் நம் வீட்டுக் கருப்புக்கு அடிக்கடி படையல் வந்தது.

முதல் தடவை கிடைத்ததைத் திண்ணையில் அடித்து உடைத்தாய். மறுநாள் அவர் உன் தோட்டை அடகு வைத்து இன்னொன்று வாங்கி வந்தார். அதிலிருந்து நீ உடைப்பதை விட்டுவிட்டாய். 2003-ல் அரசாங்கமே பிராந்திக் கடை நடத்தத் தொடங்கிய சமயம், நான் ஏழாம் வகுப்பு. ஒரு மத்தியானம் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலைக் கழுவி எடுத்து வரச் சொன்னாய். பாட்டிலில் பாதியைச் சாக்கடையில் கொட்டினாய். நான் புனலைப் பிடித்தேன், நீ ஆறிப்போன வரக்காப்பியை ஊற்றினாய். ரம்மின் நிறத்துக்குச் சரியாக வரும் வரைக்கும் தண்ணீர் விட்டு விட்டுப் பார்த்தாய். மூடியைத் திருகி, துடைத்து, குலுக்கையில் அதே மூலையில் வைத்தாய். "யார்கிட்டயும் சொல்லாத" என்றாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தடவை புனல் பிடித்தேன் என்று கணக்கே இல்லை.

இன்றைக்கு என்னிடம் பிடிபடுகிற பச்சைப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் நீயும் நானும் அடுப்படியில் உட்கார்ந்திருப்பது கண்ணில் வருகிறது. பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். பக்கத்தில் அவர் மனைவி நிற்பார். நான் அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பேன். சில பேருக்கு அது முன்பே தெரிந்திருக்கும், சில பேருக்கு அப்போதுதான் தெரியும். இரண்டு முகமும் எனக்குப் பழக்கமான முகம்.

சரி. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2014-ல் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம். நீ குளித்து மாற்றுத் துணி எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தாய். ராத்திரி ஒரு மணி இருக்கும். நான் தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தேன். வார்டில் விளக்கு அணையவில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாக இருந்தது, ஆனால் அன்றைக்குப் பேச்சு தெளிவாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"உங்கம்மா பாட்டில்ல வரக்காப்பி ஊத்துவா. எனக்குத் தெரியும்டா."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவரே சொன்னார்: "குலுக்குனா தெரிஞ்சுரும். சரக்குல நுரை ஒடனே செத்துப்போகும். காப்பில நிக்கும்."

"அப்புறம் ஏம்ப்பா அம்மாகிட்ட கேக்கல?"

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா நிறுத்திருவால்ல."

அவ்வளவுதான் அம்மா. அப்புறம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். தூங்கிப் போனார். காலையில் நீ வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வருஷம் உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. "இன்னும் கொஞ்சம் அதிகமா ஊத்திருக்கலாம், இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பாரு" என்று நீ அக்காவிடம் சொல்லி அழுததை நான் வாசலில் நின்று கேட்டேன். அப்போது போய், அவருக்குத் தெரியும் என்று சொன்னால், தெரிந்தும் குடித்தாரே என்று உனக்கு வலிக்குமோ என்று பயந்தேன். அப்புறம் கல்யாணம், விசா, இந்த ஊர் என்று ஓடிவிட்டது. இப்போது தினமும் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிப் பார்க்கிறவனாக இருப்பதால் என்னால் இதை இனிமேல் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவராக நிறுத்த முடியவில்லை அம்மா. நீ குறைத்துக் கொடுத்ததை மட்டும் தெரிந்தே வாங்கிக் குடித்தார். பாட்டிலை வேறு வீட்டில், கடையில், நண்பர் தோப்பில் ஒளித்திருக்கலாம். அந்தக் காலத்துச் சோழவந்தானில் இடத்துக்கா பஞ்சம்? திரும்பத் திரும்ப உன் கை எட்டுகிற குலுக்கையில்தான் கொண்டுவந்து வைத்தார்.

மச்சானிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். அவர் அளவோடு இருக்கிறவர், அக்காவுக்குத் தெரியாமல் எதுவும் செய்கிறவரும் இல்லை. வேண்டுமானால் இங்கே கடையில் நானே ஒரு ஒயின் பாட்டில் வாங்கித் தருகிறேன், கைப்பையில் வைத்துக் காட்டிவிட்டு ஏறட்டும். ஒயின் அவருக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

வரும்போது அக்காவிடம் மோர் மிளகாயும் சுண்ட வற்றலும் கொடுத்து விடு. அதிகம் வேண்டாம், ஒரு பை போதும். கறிவேப்பிலைக்குக் கவலை இல்லை. கொல்லைப்புறத்தில் நட்ட கன்று என் தோள் உயரம் வந்துவிட்டது. இங்கே வெயில் நம் ஊர் மாதிரியேதான், என்ன, காற்றில் ஈரம் ரொம்ப ஜாஸ்தி. ஊருக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கம் போனால் மாந்தோப்பாகவே இருக்கும். ஜூனில் பேரனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மரத்தடியில் நின்றுகொண்டு "அப்பத்தா வீடா?" என்று கேட்டான்.

இது உன் கைக்கு வந்த பிறகு நான் கூப்பிடும்போதும் எல்லாரும் பக்கத்தில் இருப்பார்கள். இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். கடிதம் கிடைத்தது என்று மட்டும் சொல்.

உன் மகன்